முந்நூத்தி மூணாம் பக்கம்

சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க, சொல்லுதேன். எங்க வீட்டுக்காரி என்கிட்டக் கோவிச்சிக்கிட்டு மக வீட்டுக்குப் போயி இன்னையோட அம்பத்து மூணு நாளாச்சு. கூட்டிட்டு வரத்தான் நாகர்கோவிலுக்குப் போறேன். எதுக்குக் கோவிச்சான்னு கேளுங்க. ஒரு வகுத்தல் கணக்குக்கு. ஆமா அண்ணாச்சி, வகுத்தல் கணக்குக்குத்தான். ஊர் உலகத்துல நகைக்குக் கோவிப்பாவ, நாத்தனாருக்குக் கோவிப்பாவ. எம் பொண்டாட்டி ஒரு நம்பருக்குக் கோவிச்சிக்கிட்டுப் போயிருக்கா. பாத்தியளா, சிரிக்கிய.

பரவால்ல, சிரிங்க. திருநவேலியில ஏறுனதுலேருந்து வாயத் தெறக்காம வாரேன். இப்பம் நாங்குநேரி தாண்டிட்டு. யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும்.

எம் பேரு பிச்சையா. அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல முப்பத்தி நாலு வருசம் கணக்கு வாத்தியார். ரிட்டையராயி ஆறு வருசம் ஆச்சு. நான் பேப்பர் திருத்துனா திருத்துனதுதான். ஒரு தடவ மார்க்கப் போட்டுட்டு அத மாத்துனா, பழைய மார்க்க அடிச்சிட்டுப் பக்கத்துல சுருக்கொப்பம் வைக்கணும், அதான் முறை. மத்த வாத்தியாருங்க பேப்பரப் பாத்தா வரிக்கு வரி சுருக்கொப்பமா இருக்கும். முப்பத்தி நாலு வருசத்துல நான் ஒண்ணு வச்சது கெடையாது. என் சுருக்கொப்பம் எப்படி இருக்கும்னு எங்க ஹெட்மாஸ்டருக்கே தெரியாது. ஒண்ணுகூட, அண்ணாச்சி.

சரி, நம்பருக்கு வாரேன். எங்க கல்யாணம் ஆயிரத்து தொள்ளாயிரத்து எம்பத்து மூணு, மார்ச் மாசம் நாலாந் தேதி, வெள்ளிக்கெழம. நாலு, பூஜ்யம் மூணு, அப்புறம் வருசம். சேத்து எழுதுங்க. 4031983. நாப்பது லட்சத்து முப்பத்தோராயிரத்து தொள்ளாயிரத்து எம்பத்து மூணு. கையில எழுதிப் பாருங்க, அது ஒரு அம்சமான நம்பர்.

போன டிசம்பர்ல எம் மக கோமதி போன் பண்ணுனா. அப்பா, மார்ச் வந்தா ஒங்களுக்கு நாப்பதாவது கல்யாண நாள், ஒரு சின்ன மண்டபம் பிடிச்சு சொந்தக்காரங்களக் கூப்புடுவோம்னு சொன்னா. சரின்னுட்டு காலண்டர் தாள் பின்னாடி தேதிய எழுதுனேன். எழுதுனா சும்மா இருக்க முடியுமா? எனக்கு ஒரு நம்பரப் பாத்தா வகுத்துப் பாக்கணும். இப்பம் எங் கையிலயும் ஒங்க கையிலயும் பஸ் டிக்கெட்டு இருக்குல்லா, ஏறுன ஒடனே ரெண்டு நம்பரையும் பாத்துட்டேன். ஒங்களது மூணால போகும். என்னது ஏழால போகும். கெடக்கட்டும்.

4031983. ரெண்டால போகாது, ஒத்தப்பட எண். அஞ்சால போகாது. எலக்கத்தக் கூட்டுனா இருவத்தெட்டு, அதனால மூணால போகாது. ஏழால வகுத்தேன், மீதி நாலு. பதினொண்ணுல மீதி பத்து. பதிமூணுல மீதி ஏழு. எனக்கு நெஞ்சு படபடன்னு வந்துட்டு. இது பகா எண்ணா இருக்குமோ? பகா எண்ணுன்னா தெரியும்லா? ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாம் அந்த வகை. நாப்பது லட்சம் பெருசுல ஒரு பகா எண், அதுவும் எங்க கல்யாணத் தேதி! நெனச்சுப் பாருங்க. கார்டுல போடலாம். "எந்த எண்ணாலும் வகுபடாத எங்கள் இல்லறம்." எப்படி இருக்கு? நானே யோசிச்சது.

ஆனா நிரூபிக்கணும்லா? நான் என்ன ஜோசியக்காரனா, பாத்தவுடனே சொல்லுததுக்கு? எம் மச்சினன் ஒருத்தன் இருக்கான், எலக்கத்தக் கூட்டி இருவத்தெட்டு, அதையும் கூட்டிப் பத்து, அதையும் கூட்டி ஒண்ணு, சூரியன் எண்ணு மாமா, யோகம்னு ஆரம்பிச்சான். போடா போன்னு சொல்லிட்டேன். நம்பர் தன்னப் பத்தி என்ன சொல்லுதோ அதத்தான் கேக்கணும், நமக்குப் பிடிச்சத அது தலையில கட்டக்கூடாது.

நிரூபிக்கது எப்படின்னா, அந்த நம்பரோட வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்துப் பாக்கணும். 2008-ஐ 2008 ஆல பெருக்குனேன். 40,32,064. நம்ம நம்பரவிட எம்பத்தொண்ணு கூட. அப்பம் ரெண்டாயிரத்து ஏழு வரைக்கும் பாத்தாப் போதும். அது வரைக்கும் எத்தன பகா எண்? முந்நூத்தி நாலு. முந்நூத்தி நாலு வகுத்தல், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சொன்னாவ, மாமா, போன்ல போட்டா அர நிமிசத்துல வந்துரும்னு. எனக்கு ஆத்திரம் வந்துட்டு. போன் சொன்னா அது போனுக்குத் தெரிஞ்ச விசயம், எனக்குத் தெரிஞ்ச விசயமாகுமா? கடையில முந்நூத்தி இருவது பக்க நோட்டு ஒண்ணு வாங்குனேன். பக்கத்துக்கு ஒரு வகுத்தல். ஒண்ணாம் பக்கம் ரெண்டு, ரெண்டாம் பக்கம் மூணு, இப்படியே. நாளைக்கு நாலு. படி எல்லாம் முழுசா எழுதி, மீதிய அடிக்கோடு போட்டு. இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. எறங்கதுக்கு முன்னால காட்டுதேன்.

ஆவுடை, அதான் எம் வீட்டுக்காரி, எதிர உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. அவரக்கா நறுக்குவா, பாப்பா. பருப்புல கல்லு பெறக்குவா, பாப்பா. ஒருநா கேட்டா, நானும் நாலு போட்டுத் தரட்டுமாங்கன்னு. இது ஒனக்குச் சரிப்படாதுட்டின்னு சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி.ல கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்குனவதான் அவ. ஆனா அந்தக் காலத்துல மார்க்க வாரி எறச்சாங்க. நானா? நான் எழுவத்தொம்பது. எங்க பள்ளிக்கூடத்துல கறாராத் திருத்துவாங்க.

அந்த ரெண்டரை மாசமும் வீட்ல எனக்கு ஒத்துழைப்பே கெடையாது, அண்ணாச்சி. பாத்ரூம் கொழாய் ஒழுகுதும்பா. நான் 739-ல நிப்பேன், கேஸ் தீந்துட்டும்பா. 1117-ல நிப்பேன், அவ தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவோமாம்பா. 1500 தாண்டட்டும்னு சொன்னேன். 1500 தாண்டுறதுக்குள்ள தங்கச்சிக்கு உடம்பு சரியாயிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய? கொழாய் இன்னும் ஒழுகுது.

பிப்ரவரி நடுவுல முந்நூத்தி ரெண்டாம் பக்கத்த முடிச்சேன். 1997. மீதி நாப்பது. இன்னும் ரெண்டே ரெண்டு. 1999, 2003. அன்னைக்குன்னு பாத்து எம் வலது மணிக்கட்டு வீங்கிட்டு. விரல மடக்க முடியல. டாக்டரு கட்டுப் போட்டு, பத்து நாளைக்குப் பேனாவத் தொடக்கூடாதுன்னுட்டாரு. கார்டுக்கு அச்சாபீஸ்காரன் அவசரப்படுத்துதான். ரெண்டு வகுத்தல்தான் பாக்கி. என்ன செய்ய? ஆவுடையக் கூப்புட்டு, ஏட்டி, இந்த ரெண்டையும் போட்டுக் குடுன்னேன்.

அதுல வந்துது வெனை. அவகிட்டக் குடுத்த ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் தப்பாப் போச்சு. கார்டும் தப்பாப் போச்சு. நான் போட்ட முந்நூத்தி ரெண்டுல ஒரு பெசகு கெடையாது, எவன் வேணா பாக்கட்டும்.

விழா அன்னைக்கு மண்டபத்துல நல்ல கூட்டம். நான் மைக்கப் பிடிச்சு, எங்க கல்யாணத் தேதியோட பெருமையச் சொன்னேன். முந்நூத்தி நாலு வகுத்தல் போட்ட கதையச் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாவ. ஆவுடை பக்கத்துல பட்டுச்சேல கட்டி உக்காந்திருக்கா, தலையக் குனிஞ்சிக்கிட்டு. வெக்கம்னு நெனச்சேன்.

அப்பம் நாலாவது வரிசையில ஒருத்தன் எந்திரிச்சான். ஞானதிரவியம். எங்க பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியார். இருவது வருசம் ஸ்டாப் ரூம்ல எனக்கு எதிர் நாக்காலி. கையில போனு. "சார், இது 1999 ஆல வகுபடுதே. 1999 பெருக்கல் 2017" அப்டிங்கான். மண்டபமே போன எடுத்துட்டு, அண்ணாச்சி. அவனவன் தட்டிப் பாக்கான். ஆமா, ஆமாங்கான். சின்னப் புள்ளைங்கள்லாம் சிரிக்குது.

அதோட விட்டானா அந்தப் பய? "சார், 2008 வர்க்கத்துக்கு எம்பத்தொண்ணு கம்மின்னு நீங்களே சொன்னியளே. எம்பத்தொண்ணு ஒம்போதோட வர்க்கம்லா? ஒரு வர்க்கத்துல இன்னொரு வர்க்கம் போனா எட்டாங்கிளாஸ் சூத்திரம்லா? 2008-ல ஒம்போதக் கூட்டுனா 2017, கழிச்சா 1999. முந்நூத்தி நாலு வகுத்தல் எதுக்கு சார்?" அப்டின்னு கேட்டான்.

அந்தச் சூத்திரத்த முப்பத்தி நாலு வருசமா நான் கரும்பலகையில எழுதியிருக்கேன். என் நோட்டுல மொத அட்டையிலயே அந்த எம்பத்தொண்ண எழுதி வச்சிருக்கேன், சுத்தி வட்டம் வேற போட்டிருக்கேன். எனக்குத் தோணல. அவனுக்குத் தோணியிருக்கு. பிசிக்ஸ்காரனுக்கு! எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சது. கூசிப் போச்சு. அதச் சொல்லுததுல எனக்கு என்ன வெக்கம், கூசித்தான் போச்சு.

நான் மைக்குல சொன்னேன், "அந்தப் பக்கம் எம் மனைவி பாத்தது."

அவ்வளவுதான் சொன்னேன். பொய்யா? அவ பாத்த பக்கம்தானே? எல்லாரும் இன்னும் சத்தமாச் சிரிச்சாவ. ஆவுடையும் சிரிச்சா. சிரிச்சிக்கிட்டேதான் எந்திரிச்சிப் போயி பந்தியப் பாத்தா, எல்லாரையும் கவனிச்சா, ஞானதிரவியத்துக்கு ரெண்டாந் தடவ பாயசம் ஊத்துனா, நான் பாத்தேன். மறுநா காலையில எந்திரிச்சா, அடுப்புல பால் இருக்கு, டம்ளர் கவுத்தி வச்சிருக்கு, ஆளக் காணோம். கோமதி போன் பண்ணுதா, அம்மா இங்க வந்துட்டாப்பான்னு.

என்ன கேக்கிய? ஆமா. அவ போட்டதுல என்ன தப்புன்னா கேக்கிய?

தப்புன்னா… அவ போட்டத நான் தப்புன்னு சொன்னேன். அது வேற விசயம்.

இல்ல, இருங்க, வெவரமாச் சொல்லுதேன். நோட்டக் குடுத்தேன்லா? அவ சமையக்கட்டுல நின்னுக்கிட்டே, அஞ்சு நிமிசம்கூட ஆயிருக்காது, கொண்டாந்து நீட்டுதா. "ஏங்க, இது போகுதுங்க" அப்டிங்கா. என்ன போகுதுங்கேன். "1999 போகுது. மீதியே இல்ல." நான் வாங்கிப் பாத்தேன். பாத்தா, அண்ணாச்சி, வகுத்தலே இல்ல! ரெண்டு வரி. 2017-ஐ ரெண்டாயிரத்தால பெருக்குனா 40,34,000. அதுல ஒரு 2017 போனா 40,31,983. முடிஞ்சிது. படி எங்க? வகுத்தல் கோடு எங்க? ஈவு எங்க, மீதி எங்க? என்னட்டி இதுன்னா, "சேலக்கடையில 1999 ரூவா சேலைய எப்படிக் கணக்குப் பாப்போம்? ரெண்டாயிரம்னு வச்சி ஒண்ணக் கழிப்போம்லா, அப்படித்தான்" அப்டிங்கா. சேலக்கடைக் கணக்கு! நான் முந்நூத்தி ரெண்டு பக்கம் படிப்படியாப் போட்டுட்டு, கடைசிப் பக்கத்துல சேலக்கடைக் கணக்க ஏத்துக்கிட முடியுமா?

பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள விடைய மட்டும் எழுதுனா மார்க்கு கெடையாது, தெரியும்லா? விடை சரியா இருந்தாலும் கெடையாது. படிக்குத்தான் மார்க்கு. பக்கத்துப் பையனப் பாத்து எழுதுனானா, குருட்டாம்போக்குல போட்டானா, யாருக்குத் தெரியும்? அதான் முறை.

இல்ல, சரிபாக்கல. அவ சொன்னத நான் பெருக்கிப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? கையில கட்டு. அதுவுமில்லாம, முந்நூத்தி ரெண்டு போகல, முந்நூத்தி மூணாவது மட்டும் போகுமா? அப்டித்தான் தோணிச்சு. ஒங்களுக்கும் தோணியிருக்கும். ஏட்டி, நீ எங்கயோ தப்பு பண்ணியிருக்க, ஒழுங்காப் போடுன்னு சொல்லி நோட்டத் திருப்பிக் குடுத்தேன். மறுநா நோட்டு எம் மேசையில இருக்கு. அடுத்த நாளும் இருக்கு. நான்தான் எடுத்து பீரோவுல வச்சேன். ஒரு பொருள எடுத்தா எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதான்னு ரெண்டு சத்தமும் போட்டேன். கார்டு அச்சுக்குப் போயிட்டு.

அவ இன்னும் ஒரு தடவ அழுத்திச் சொல்லியிருக்கலாம்லா? போகுதுங்க, போகுதுங்கன்னு கையப் பிடிச்சி சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா? கேட்டிருப்பேன். … கேட்டிருப்பேன்னுதான் நெனைக்கேன்.

இந்த அம்பத்து மூணு நாளா நான் மெஸ்ல திங்கேன். அம்பத்து மூணும் பகா எண்தான், அது வேற. ரசம்னு ஒண்ணு ஊத்துதான், புளிச்ச தண்ணி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கொழாய் ஒழுகுற சத்தம் ஒண்ணுதான். எதிர உக்காந்து பாக்க ஆள் இல்ல. நோட்டத் தெறக்கவே பிடிக்கல. வேற நம்பர் எதையும் வகுக்கவும் பிடிக்கல. எனக்கு அவ இல்லாம இருக்க முடியல, அண்ணாச்சி, அத ஒங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. அவகிட்டச் சொல்லத்தான் வரல.

எத்தன தடவ போன் பண்ணேன் தெரியுமா? அவ எடுக்க மாட்டா. கோமதிதான் எடுப்பா. அம்மா என்னட்டி சொல்லுதான்னா, "அப்பா, அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. நோட்ட முழுசாப் பாத்துட்டு வரச் சொல்லுதா." முழுசாப் பாக்கணுமாம்! எழுதுனதே நான். எனக்குத் தெரியாததா அதுல இருக்கு? மன்னிப்புக் கேக்கச் சொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு. கேட்டுட்டுப் போறேன். நோட்டப் பாக்கணுமாம். சரி, அவ திருப்திக்கு நோட்டக் கையோட கொண்டுபோயிருவோம், அவ முன்னால வச்சே தெறந்து பாத்துருவோம்னு பையில போட்டுட்டு வந்திருக்கேன்.

இந்தாங்க, பாருங்க. நல்லாப் பாருங்க. கையெழுத்தப் பாருங்க. 17, 19, 23… ஒரு அடித்தல் திருத்தல் இருக்கா? இது 541, நூறாவது பகா எண். இது 1009, ஆயிரம் தாண்டி மொதல்ல வாரது. கொஞ்சம் வேகமாத் திருப்புங்க, ஆரல்வாமொழி வந்துட்டு, கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் தெரியுது. 1997, மீதி நாப்பது. பாத்தியளா, எவ்வளவு சுத்தமா…

அது… ஆமா. அடுத்த பக்கம் அவ போட்டது. அந்தச் செவப்பு மையா? நான்தான் போட்டேன். பெருக்கல் குறி. வலது கையில கட்டு இருந்துதுல்லா, எடது கையால போட்டேன், அதான் கோணிக்கிட்டு பக்கம் பூரா கெடக்கு. ஆமா, அது பூஜ்யம். "படிகள் எங்கே?" அதுவும் நான்தான் எழுதுனேன். எடது கையால.

சொல்லல. ஒங்ககிட்டச் சொல்லணும்னு தோணல. டாக்டரு பேனாவத் தொடாதன்னாரு, வகுத்தல் போட முடியல, ஆனா முட்டை போட முடிஞ்சிருக்கு. பாருங்க. நாப்பது வருசம் கூட இருந்தவளுக்கு ஒரு முட்டை.

அடுத்த பக்கத்துல 2003 இருக்கும். இருக்கா? மீதி 1947-ங்கியளா? சரியாத்தான் இருக்கும். அவ்வளவுதான், அதோட முடிஞ்சிது. மூடுங்க.

என்னது? இல்லியே. முந்நூத்தி நாலோட முடிஞ்சிது. முந்நூத்தி அஞ்சுல ஒண்ணும் கெடையாது, வெறும் தாள். குடுங்க இங்க. கண்ணாடி எங்க போச்சு…

இது அவ கையெழுத்து.

இருங்க. 1999 ஆல 40,31,983-ஐ… படிப்படியாப் போட்டிருக்கா. வகுத்தல் கோடு போட்டிருக்கா. 4031-ல ரெண்டு தடவ… மீதி 33… ஈவு 2017. மீதி பூஜ்யம். மீதிக்கு ரெண்டு அடிக்கோடு போட்டிருக்கா. ஸ்கேல் வச்சி. நான் முட்டை போட்டதுக்கு அப்புறம் போட்டிருக்கா, அண்ணாச்சி. படி எங்கன்னு கேட்டேன்லா, படி போட்டு மேசையில வச்சிருக்கா. ரெண்டு நாளு வச்சிருக்கா. நான் எடுத்து பீரோவுல…

கீழ என்னமோ இருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, நீங்க வாசிங்க. சத்தமா வாசிங்க, பரவால்ல.

"1999 பகா எண். உங்கள் பட்டியலில் இருக்கிறது. 2017 பகா எண்ணா என்று நான் பார்த்தேன். படிகள் அடுத்த பக்கத்தில். இரண்டுமே பகா எண்கள்தான். கார்டில் இதைப் போடலாம்."

திருப்புங்க. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு… நாப்பத்தி மூணு வரைக்கும். பதினாலு வகுத்தல். ஒவ்வொண்ணுக்கும் படி. ஒவ்வொண்ணுக்கும் மீதி அடிக்கோடு. நாப்பத்தி மூணோட நிறுத்திட்டா, பாருங்க. நாப்பத்தஞ்ச நாப்பத்தஞ்சால பெருக்குனா 2025 வந்துரும், அதுக்கு மேல வேண்டாம்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரும் சொல்லிக் குடுக்கல. நான் சொல்லிக் குடுக்கல. எதிர உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தால்லா.

கார்டுல போடலாம்னு எழுதியிருக்கா. அச்சுக்குப் போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால எழுதியிருக்கா. எனக்கு நாப்பது லட்சம் பெருசுல ஒத்த நம்பரு வேணும்னு இருந்திச்சு. அவ ரெண்டு நம்பரக் கண்டுபிடிச்சி, ரெண்டையும் சரிபாத்து… நான் அந்தத் தாளத் திருப்பல, அண்ணாச்சி. ஒரே ஒரு தாள். முந்நூத்தி ரெண்டு பக்கம் திருப்புனவன் ஒரு தாளத் திருப்பல. மைக்கப் பிடிச்சி அவ பாத்த பக்கம்னு சொன்னேன். அப்பவும் அவ வாயத் தெறக்கல. நாலு பேருக்கு முன்னால சொல்லியிருக்கலாம்லா, நான் சொன்னேன், இவியதான் கேக்கலன்னு? ஞானதிரவியம் இருந்தான்லா, அவன் முன்னால என்ன விட்டுக்குடுக்கல.

தொண்ணூத்தெட்டு வாங்குனான்னு சொன்னேன்லா. அந்த ரெண்டு மார்க்க எவன் கொறச்சானோ. எவனோ ஒருத்தன் படியக் காணோம்னு கொறச்சிருப்பான், என்னய மாதிரி.

பேனா இருக்கு, என்கிட்டயே இருக்கு. ரிட்டையர் ஆனாலும் சட்டைப் பையில செவப்புப் பேனா இல்லாம நான் வெளிய வாரதில்ல. அந்த முந்நூத்தி மூணாம் பக்கத்த எடுங்க. நோட்ட இப்படி ஒங்க மடியில சாச்சிப் பிடிங்க. பூஜ்யத்த அடிக்கணும். ஒத்தக் கோடுதான், பழைய மார்க்கு தெரியணும், அதான் முறை. அடிச்சாச்சா? அடிச்சாச்சு. இப்பம் மார்க்கு. எத்தனைக்கு எத்தனன்னு போட? நூத்துக்குப் போடுவோம். நூறு. அந்த ரெண்டையும் சேத்துப் போடுவோம்.

இனி சுருக்கொப்பம். பக்கத்துல வைக்கணும். வச்சதே இல்லியா, எப்படி வைக்கதுன்னு தெரியல. பி போட்டு ஒரு சுழியா? நல்லாப் பிடிங்க நோட்ட. ஆடுதுல்லா. இந்த டிரைவரு பள்ளம் மேடு பாக்காம ஓட்டுதான், பாருங்க, பேனா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு. கொஞ்ச நேரம் குலுக்காம ஓட்டச் சொல்லுங்க, ஒரே ஒரு சுருக்கொப்பந்தான்.

என்ன சொல்லுதிய? நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டு வந்துட்டா? பஸ்சு நின்னு நேரமாச்சா?